தரையில் நிற்பவனின் செவி

சென்ற மாதம் பவானியில் நண்பர்கள் கூடும் இலக்கியச் சந்திப்பில், சிறுகதையில் மெய்ம்மை என்னும் பொருள்பற்றி நாம் பேச நேர்ந்தது. பேச்சின் நடுவே, நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கணினி விளையாட்டொன்றில் போர்விமானத்தின் எஞ்சின் ஒலியைத் திருத்தியமைக்க நான்கு மாதமாக உழைத்துவருவதை எடுத்துக்காட்டாகச் சொன்னோம். அவையில் சிரிப்பெழுந்தது. மூத்த நண்பர் ஒருவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, பையன் பொம்மை விமானத்துக்குச் சத்தம் சேர்க்கறான், நீங்க அதுக்கு உரை எழுதறீங்களாக்கும்?" என்றார். இன்னொருவர், "விளையாட்டுத்தானுங்களே, உர்ருன்னு கேட்டா என்ன, கிர்ருன்னு கேட்டா என்ன?" என்று முடித்துவைத்தார்.

அன்று நாம் மறுமொழி கூறவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு வீடுவரை உடன்வந்தது. சிரித்தவர்கள் இலக்கியம் அறியாதவர்களாயின் விட்டிருப்போம். நாவலில் மார்கழி மாதத்தில் பூக்காத பூவொன்று பூத்துவிட்டால் ஆசிரியனைப் பந்தாடுகிறவர்கள் அவர்கள். திணை மயங்கினால் பொறுக்காதவர்கள். கண்ணுக்கு அத்தனை கறாராக இருக்கும் இந்த நண்பர்கள் செவி என்று வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு தாராளமாகிவிடுகிறார்கள்? இக்கட்டுரை அவர்களுக்கான மறுமொழி. விளையாட்டுகளை உருவாக்குவோரையும் ஆடுவோரையும் நோக்கிச் சில வார்த்தைகள் உண்டு. அவை இதைவிடக் கடுமையாக இருக்கும்.

1

முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதிய கதையொன்றில், கதைநாயகன் காவிரிக்கரையில் அமர்ந்திருக்கையில் "தலைக்குமேல் விமானம் ஒன்று விர்ரெனப் பறந்து மறைந்தது" என்றொரு தொடர் வரும். அதைப் படித்த மேற்படி மாணவர் மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, அது எந்த விமானமுங்க? எவ்வளவு உசரத்துல போச்சுங்க?"

நம்மிடம் பதில் இல்லை. அது பயணிகள் விமானமா, சூலூரிலிருந்து எழுந்த போர்விமானமா, ஹெலிகாப்டரா என்று நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பயணிகள் விமானம் விர்ரென்று ஒலிப்பதில்லை. அதன் ஒலி நம்மை வந்தடைய ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் ஆறேழு கிலோமீட்டர் கடந்துவிடும். நாயகன் ஒலிவந்த திசையில் நிமிர்ந்தால் அங்கே வெறும் வானம்தான் இருக்கும். அந்த வெறும் வானம் கதைக்குள் வந்திருந்தால் அந்தக் கதை சற்றுத் தேறியிருக்கும் என்று இன்று தோன்றுகிறது. பறவை பறந்தாலும் விர், பேருந்து கடந்தாலும் விர், விமானம் போனாலும் விர். அந்தச் சொல்லை நாம் கேட்டு எழுதவில்லை. பழக்கத்தில் கைபோன போக்கில் எழுதினோம்.

2

மாணவர் செய்துகொண்டிருப்பது என்ன என்பதை நண்பர்கள் அறிந்துகொள்வது நலம். ஃப்ளைட்கியர் என்றொரு விமான ஓட்டுப் பாவனை மென்பொருள் இருக்கிறது. கட்டற்றது, இலவசமானது, 1990களின் பிற்பகுதியிலிருந்து உலகெங்குமுள்ள ஆர்வலர்களால் வளர்க்கப்படுவது. எஞ்சினின் சுழற்சி வேகம் கூடினால் எந்த ஒலி எந்த அளவில் கூடவேண்டும் என்பதை அதில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். மாணவர் பிடித்துக்கொண்ட இடம் அது.

பல விளையாட்டுகளில் நடப்பது இதுதான். எஞ்சின் ஓடும் ஒலியிலிருந்து சில நொடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதையே வளையமாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஆடுபவன் விசையை முன்னே தள்ளினால் அந்தத் துண்டின் சுருதியை உயர்த்துவார்கள். பின்னே இழுத்தால் தாழ்த்துவார்கள். ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் பாடகர் குரல் கீச்சிடுமே, அதே வித்தை. கேட்பவனுக்கு விமானம் அன்று, பெரிய கொசு ஒன்று கோபம் கொண்டதாகத் தோன்றும்.

மெய்யான ஜெட் எஞ்சின் அவ்வாறு ஒலிப்பதில்லை. அதில் குறைந்தது இரண்டு குரல்கள் உண்டு. முன்பக்கம் காற்றை உறிஞ்சி அழுத்தும் சுழல்தகடுகளின் கூர்மையான ஊளை ஒன்று. அது சுழற்சி வேகத்தோடு சுருதி ஏறும். பின்பக்கம் வெப்பக்காற்று வெளிக்காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்வதால் எழும் முழக்கம் மற்றொன்று; அது முதற்குரலைப்போல் சுருதி ஏறுவதில்லை, பெருகுகிறது. 1952இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் இதற்கொரு கணக்குத் தந்தார். பாயும் காற்றின் வேகத்தின் எட்டாம் மடிக்கு ஏற்ப ஒலியாற்றல் வளர்கிறது என்பது அது. வேகம் இரட்டித்தால் ஒலியாற்றல் 256 மடங்கு. சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் விளையாட்டு இந்தப் பெருக்கத்தைக் காட்டவே இயலாது.

மேலும், இவ்விரு குரல்களும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் கேட்பதில்லை. விமானம் நம்மை நோக்கி வருகையில் ஊளை முந்தும். கடந்தபின் முழக்கம் அடிக்கும். இன்னொன்று: ஓய்வுநிலையிலுள்ள ஜெட் எஞ்சின் முழு வேகம் கொள்ளச் சில நொடிகள் ஆகும். விசையைத் தள்ளிய மறுகணமே சீறும் விளையாட்டு, எடையற்ற எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கிறது. சுழலி விமானத்திற்கோ கணக்கு வேறு. சேலம் விமான நிலையத்தில் 2023இல் சேவை மீண்டும் தொடங்கியபோது வந்திறங்கிய ஏடிஆர் 72 விமானத்தின் சுழலிக்கு ஆறு இதழ்கள். முழு வேகத்தில் நிமிடத்திற்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு இதழ்கள் காற்றை அறைய, நொடிக்கு 120 அறைகள். அந்த விமானத்தின் அடிநாதம் அதுதான். இதழ் எண்ணிக்கை தெரியாமல் நாதம் அமைப்பவன், தந்தி எண்ணாமல் வீணை வரைபவன்.

தொலைவு என்பது இன்னொரு கலைஞன். நம் ஊர்ப்பக்கம் நோம்பி நாளில் அடுத்த ஊரிலிருந்து கேட்பது என்ன? நாயனம் கேட்காது. மேளத்தின் தாழ்ந்த அதிர்வு மட்டும் வயல்களைத் தாண்டி வந்து சேரும். கூரிய ஒலிகளைக் காற்று வழியிலேயே தின்றுவிடுகிறது, தாழ்ந்தவை மிஞ்சுகின்றன. அருகே விழுந்த இடி வெடிப்பதும் தொலைவிடி உருளுவதும் இதனால்தான். தொலைவிலுள்ள விமானத்தின் ஒலியை வெறுமனே குறைத்து வைத்தால் அது தொலைவாகாது. அருகிலுள்ள சிறிய விமானமாகிவிடும்.

ஒலியின் தாமதத்தைக் கற்க இயற்பியல் நூல் வேண்டியதில்லை. கூடுதுறையில் நின்று எதிர்க்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் விழுவதைக் கண் பார்க்கும். அறை செவிக்கு வரும்போது அவர் துணியை மறுபடி ஓங்கியிருப்பார். 170 மீட்டருக்கு அரை நொடி. பவானியில் பிறந்த எவரும் இதைப் பார்த்து வளர்ந்தவர்களே. ஆனால் பல விளையாட்டுகளில் மூன்று கிலோமீட்டர் அப்பாலுள்ள விமானம் அக்கணமே ஒலிக்கிறது. ஆற்றங்கரைச் சிறுவனுக்குத் தெரிந்தது ஆயிரங்கோடி புரளும் தொழிலுக்கு நினைவில்லாமற் போகிறது. விதிவிலக்குகள் உண்டு. தொலைவு, திசை, தாமதம் மூன்றையும் கணக்கில் கொள்ளும் விமானப் பாவனைகள் இன்று இருக்கின்றன. அவற்றை ஆக்கியவர்கள் செய்ததையே நம் மாணவரும் செய்ய முயல்கிறார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

3

"இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?" என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். தொடர்பு நமக்குத் தெரியாமற் போனதே வெட்கம்.

மலைபடுகடாம் என்னும் பெயரே ஒலியைப்பற்றியது. மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அதன் மதமாகவும் கண்ட பெயர். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் பெருங்கௌசிகனார், நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும்போது அவர்கள் கேட்கப்போகும் ஓசைகளை நீளமாக அடுக்குகிறார். புலி கிழித்த கணவனின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு, வேங்கைப் பூவுக்காக எழும் கூச்சல், குட்டி பள்ளத்தில் விழுந்த மந்தியின் ஓலம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு. அந்த அடுக்கில் கரும்பாலையின் ஒலியும் இருக்கிறது. கரும்பை நெரிக்கும் எந்திரத்தின் ஒலியை அருவிக்கும் யானைக்கும் நடுவில் சமமாக அமர்த்திய மரபு நம்முடையது. எந்திரத்தின் ஒலி இலக்கியத்துக்குப் புறம்பு என்று நண்பர்களுக்கு யார் சொன்னது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஓசைகள் எவர் செவிக்கு எட்டுகின்றன? அரண்மனை மாடத்தில் இருப்பவன் செவிக்கு அல்ல. பசித்து, கால்நோவ மலைவழி நடக்கும் கூத்தரின் செவிக்கு. புலவர் அந்தச் செவியில் நின்று கேட்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

தொல்காப்பியர் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கை அரவத்துக்கு உரியவை என்கிறார். துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்னும் நான்கை இசைக்கு உரியவை என்கிறார். ஓசைச் சொற்களை எடுத்து வகைப்படுத்துவது இலக்கணியின் வேலை என்று அவர் கருதினார். அவர்வழி வந்த நாம் விர், கிர், உர் என்ற மூன்றை வைத்துக்கொண்டு இருபத்தோராம் நூற்றாண்டை ஓட்டிவிடலாம் என்றிருக்கிறோம்.

செவி நம் மக்களிடம் செத்துவிடவில்லை, எழுதுகிறவர்களிடம்தான் மங்கிவிட்டது. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரிப் பட்டறை ஒன்றில் நில்லுங்கள். வண்டி வளைந்து உள்ளே வருவதற்குள் எந்தப் பக்கம் கோளாறு என்று மேஸ்திரி சொல்லிவிடுவார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலைசெய்தவர்களிடம் கேளுங்கள். மண் போய்ப் பாறை வந்ததைக் காதால் அறிவார்கள். பவானித் தெருக்களில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த வீட்டில் ஜமக்காளக் குழித்தறி ஓடுகிறது, எந்தக் கொட்டகையில் விசைத்தறி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஒன்றில் மனிதன் மூச்சுவாங்கும் இடைவெளி இருக்கும், மற்றதில் இருக்காது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறுவது யார் என்பதை அதிகாரிகள் காதாலேயே கண்டுபிடிக்கலாம், மனமிருந்தால். நம் மாணவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அவருக்கு ஜெட் எஞ்சினின் இரு குரலும் பிரிந்து கேட்டதில் வியப்பில்லை.

4

இனி, இந்தப் பொருள் ஏன் வேடிக்கைக்கு உரியதன்று என்று நாம் கருதுகிறோம் என்பதைச் சொல்வோம்.

தமிழ் பேசும் மக்களில் ஒரு பகுதியினர் விமான எஞ்சின்களை ஒலியால் இனம்பிரிக்கக் கற்றவர்கள். அவர்கள் அதை விருப்பத்தால் கற்கவில்லை. ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் வளர்ந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். பொம்பர் வேறு, ஹெலி வேறு, அவ்ரோ வேறு. இலங்கை விமானப்படை 1996இல் வாங்கிய இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர் வேறு. ஆளில்லா வேவு விமானத்துக்கு அவர்கள் இட்ட பெயர் வண்டு. எவ்வளவு துல்லியமான பெயர்! பார்த்து வைத்த பெயரன்று அது, கேட்டு வைத்தது. விமான ஒலிகளின் தமிழ்ப் பெயரகராதி ஒன்று உண்டென்றால் அதை எழுதியவர்கள் பதுங்குகுழிகளில் இருந்த தாய்மாரும் பிள்ளைகளும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு விமானம் நம்மை நோக்கி வருகிறது. அதன் ஒலி நம்மை அடைய ஏறத்தாழ ஒன்பது நொடி. மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சுழலி விமானமாயின், அது நம்மை அடைய முப்பது நொடி. ஒலி முந்தி வந்துவிட்டது. நமக்கு இருபத்தொரு நொடி மிச்சம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடலாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜெட்டாயின், அது வர பன்னிரண்டு நொடி. ஒலிக்கு ஒன்பது போக மிச்சம் மூன்று. ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும் நேரம். கிபிர் என்ற சொல்லில் உறைந்திருக்கும் அச்சம் இந்த மூன்று நொடியின் அச்சம். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தில் செஞ்சோலை வளாகத்தின்மீது நடந்த விமானத் தாக்குதலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பள்ளி மாணவியர். அவர்களுக்கு எத்தனை நொடி கிடைத்தது என்று எந்த விளையாட்டும் கேட்காது.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். ஒலியின் தாமதம் இல்லாத விளையாட்டில் அந்த மூன்று நொடியும் இல்லை, அந்த இருபத்தொரு நொடியும் இல்லை. அங்கே விமானம் இருக்கும் இடத்தில் ஒலி இருக்கிறது. ஏனெனில் அங்கே தரையில் செவியுள்ள எவரும் இல்லை. கீழே தெரியும் வீடுகள் வரைந்த வீடுகள். எத்தனை பொருள் செலவிட்டு மெய்ம்மை என்று முழங்கினாலும், பெரும்பாலான விளையாட்டுகளின் மெய்ம்மை விமானியின் இருக்கையோடு முடிந்துவிடுகிறது. விமானியோ தலைக்கவசத்துக்குள் இருப்பவன். தன் எஞ்சினின் முழக்கத்தில் ஒரு பகுதியே அவனுக்குக் கேட்கும். அந்த முழக்கத்தின் முழு உரிமையாளர் தரையில் நிற்பவர். அவருடைய செவியை நீக்கிவிட்டு அமைத்த ஒலி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பாதி மெய்யே.

இது ஈழத்தின் செய்தி மட்டுமன்று. கோவைக்குக் கிழக்கே சூலூரில் இந்திய விமானப்படைத் தளம் இருக்கிறது. தேஜஸ் விமானங்களோடு 45ஆம் படைப்பிரிவு 2018இல் அங்கு வந்தது. 2020 மே மாதம் 18ஆம் படைப்பிரிவும் அங்கேயே தேஜஸுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி பயிற்சிக்கு வந்த அயல்நாட்டு விமானங்களின் முழக்கத்தையும் அப்பகுதி மக்கள் கேட்டார்கள். அதே தளத்திலிருந்து 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதினான்கு பேருடன் எழுந்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. எவரும் மிஞ்சவில்லை. சுற்றுலாவுக்குச் சென்றிருந்த ஒருவரின் கைப்பேசிக் காட்சி மறுநாள் எங்கும் பரவியது. ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் நுழைந்து மறைகிறது. அதன்பின் காட்சியில் வெண்மை மட்டும். நடந்தது என்ன என்பதை அங்கு நின்றவர்களுக்கு முதலில் சொன்னது கண் அன்று, அறுந்துபோன ஒலி. பனிக்குள் பார்வை தோற்ற இடத்தில் செவி சாட்சியாக நின்றது. அந்தச் சில நொடிகளைக் கேட்டவர், விமானத்தின் ஒலி எப்படியிருந்தால் என்ன என்று மறுபடி கேட்கமாட்டார்.

5

மறுப்புகள் வரும். நேர்மையானவை மூன்று.

ஆடுபவன் கிளர்ச்சியை விரும்புகிறான், மெய்யான ஒலி சலிப்பூட்டும் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. உயரத்தில் செல்லும் பயணிகள் விமானத்தினுள் மணிக்கணக்காகக் கேட்பது ஒரே சீரான இரைச்சல்தான். அதை அப்படியே தந்தால் ஆடுபவன் உறங்கிவிடுவான். தேர்ந்தெடுத்தல் கலையின் உரிமை. சிறுகதைக்காரனும் பகல் முழுவதையும் எழுதுவதில்லை. ஆனால் தேர்வதும் பொய்யுரைப்பதும் ஒன்றல்ல. அடித்தாளத்தைக் கூட்டி, நெஞ்சு அதிரவைத்து, அதற்கு மெய்ம்மை என்று பெயர்சூட்டி விற்கிறார்களே, அதுவே நாம் எதிர்ப்பது. உரத்துப் பேசுவதால் ஒருவன் உண்மை பேசுகிறவன் ஆகிவிடுவதில்லை. மேடைத்தமிழின் அரைநூற்றாண்டைக் கேட்ட நமக்கா இது தெரியாது?

இரண்டாவது, கைப்பேசியிலேயே ஆயிரம் விமானக் காட்சிகள் கிடைக்கின்றன, அவற்றிலிருந்து ஒலியை எடுத்தால் போதும் என்பது. போதாது. கைப்பேசி தானாகவே பெரிய ஒலியை அமுக்கிச் சிறிய ஒலியைத் தூக்கிவிடும். ஓங்கலும் ஒடுங்கலும் அழிந்துபோகும். அதனால்தான் அக்காட்சிகளில் எல்லா விமானமும் ஒரே தொண்டையால் கத்துகின்றன. அளவை முன்கூட்டிக் கட்டி, காற்றுக்கு மறைப்புக் கட்டி, காத்திருந்து பதிய வேண்டும். படி எடுத்தவர் கைக்கு ஏடு எப்படி மாறும் என்று பாடம் நடத்தும் நாம் இந்தப் பாடபேதத்தையும் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதே கனமானது. போர்விமானத்தின் ஒலியை உயிரோட்டமாக்குவது போரை அழகாக்குவது ஆகாதா? நாம் இக்கேள்வியோடு பல நாள் உறங்கச் சென்றிருக்கிறோம். நம் விடை இது: போரை அழகாக்குவது செதுக்கிய ஒலி. இசைபோல் எழுந்து, காதுக்கு வலிக்காமல், வெற்றிக்குப் பின்னணியாய் ஒலிப்பது. மெய்யான ஒலி அழகுக்கு அடங்காது. மார்புக்கூட்டைப் பிடித்து உலுக்கும், பசுவைக் கட்டறுத்து ஓடவைக்கும், உறங்கும் பிள்ளையை வீறிட வைக்கும். அதைக் கேட்டவன் போரை வெறுத்துவிடுவான் என்று நாம் உறுதி கூறவில்லை. செவி அவ்வளவு எளிதில் மனச்சான்று ஆகிவிடாது. ஆனால் கீழே ஒருவர் நிற்கிறார் என்பதையாவது அவன் மறக்க இயலாது. மறதியைக் கடினமாக்குவதற்கு மேல் இலக்கியமும் என்ன செய்துவிட்டது?

6

நம் மாணவர் 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகச நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு சென்றுவந்தார். கொளுத்தும் வெயில், கடல்போல் கூட்டம். அன்று வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி ஐவர் உயிரிழந்தனர் என்பதைப் பின்னர் செய்தியில் அறிந்தோம். அவருடைய பதிவில் தேஜஸின் ஊளையும் முழக்கமும் இருக்கின்றன. அவற்றினூடே ஒரு குழந்தையின் அழுகை, சுண்டல் விற்பவரின் குரல், யாரோ தண்ணீர் கேட்பது, எல்லாம் இருக்கின்றன. "மனுசச் சத்தத்தையெல்லாம் கழிச்சுட்டு எஞ்சினை மட்டும் எடுக்கணுமுங்க ஐயா, அதுதான் பெரிய வேலை" என்றார்.

நாம் சொன்னோம்: விமானியின் இருக்கைக்குக் கழித்துக்கொள்ளுங்கள். தரையில் நின்று பார்க்கும் காட்சிக்குக் கழிக்காதீர்கள். அங்கே அது இரைச்சலன்று, அதுவே ஒலி.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படி ஒரு கோப்பு தனியா வெக்கலாமுங்க" என்றார். வைத்திருக்கிறார். பசுவும் நாயும் துணிதுவைக்கும் அறையும் கேட்கும் ஒரு கரை, அதன்மேல் மூன்று கிலோமீட்டர் அப்பால் ஒரு விமானம். முதலில் ஒன்றும் கேட்காது. ஒரு புள்ளி தெரியும். எண்ணத் தொடங்கினால் ஒன்பதில் வந்து சேர்கிறது. கேட்டபோது நாம் அறியாமலே தலையைக் குனிந்துகொண்டோம்.

கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் துறைகள் இருக்கின்றன; கணினித் துறைகளுக்குக் குறைவே இல்லை; தமிழ்த்துறைகளும் இருக்கின்றன. இம்மூன்றும் ஒரு மேசையில் அமர்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அமர்ந்தால் செய்ய வேலை உண்டு. குழித்தறி, கரும்பாலை, ரிக் வண்டி, ஏடிஆர், தேஜஸ், எல்லாவற்றையும் முறையாகப் பதிந்து வைக்கலாம். குழித்தறிக்கு அதிக நாள் மிச்சமில்லை. ஈழத்தவர் விமானங்களுக்கு இட்ட பெயர்களை, அவற்றைச் சொல்லும் குரல்கள் இருக்கும்போதே தொகுக்கலாம். தொல்காப்பியரின் எட்டுச் சொற்களுக்குப் பக்கத்தில் எழுத இன்னும் இடம் இருக்கிறது.

சிரித்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு அந்தக் கோப்பையும் நல்ல ஒலிபெருக்கி ஒன்றையும் கொண்டுவருகிறோம். விளக்கை அணைத்துவிட்டு மூன்று நிமிடம் கேளுங்கள். அதன்பிறகும் உர்ரும் கிர்ரும் ஒன்றே என்று தோன்றினால், நம் கதையிலுள்ள அந்த 'விர்'ரை நாமும் திருத்தாமல் விட்டுவிடுகிறோம்.